ஷிஃபா ஆன உடம்பு

இந்த வளைகுடா நாட்டில் யாரைச் சந்தித்தாலும் முதலில் உடல்நலத்தைத்தான் விசாரிக்கிறார்கள். நான் ஏ.சி. பழுது பார்க்கப் போகும் வீட்டுக்காரர் கதவைத் திறந்ததுமே "கைஃப் ஸிஹ்ஹா?" என்பார். சுகம்தானா என்று அர்த்தம். பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். நம் ஊரில் "எங்க, கடைக்கா?" என்று கேட்பதைப் போல இதுவும் ஒரு வழக்கம், அவ்வளவுதான். உடம்பை நிஜமாகவே விசாரிக்கும் இடம் விசா மெடிக்கல். அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. ரத்தத்தை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

முன்பு ஒருமுறை விடுப்பில் மேலப்பாளையம் போயிருந்தபோதுதான் எனக்கு ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்தது. ஈரலை அரிக்கும் கிருமி. தெருவில் காமாலை என்று சொல்லிவைத்தோம். ஆளாளுக்குக் கீழாநெல்லியை அரைத்துக் கொண்டுவந்து உயிரை வாங்கினார்கள். பாளையங்கோட்டை டாக்டர் ஒருவரின் மாத்திரையில்தான் கிருமி அடியோடு போனது.

"கிருமி போயிட்டு வே. ஆனா அது வந்துட்டுப் போன தடம் ரத்தத்துல கிடக்கும். அந்தத் தடத்தைத் தேடுத டெஸ்ட் எப்ப எடுத்தாலும் பாசிட்டிவ்னுதான் காட்டும். அதுக்காவ பயப்படாதேயும்" என்றார்.

என் மனைவி ஜமீலாவுக்கு அதில் பாதி புரியவில்லை. "ஷிஃபா ஆயிட்டுல்லா, அது போதும்" என்றாள். குணமாவதை நாங்கள் ஷிஃபா என்போம். அரபியிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்த சொல்.

சமீபத்தில் என் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வேறொரு கம்பெனி வேலை தந்தது. புது விசா என்பதால் மறுபடியும் மெடிக்கல். தவறினால் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள், திரும்பி வர வழியில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு முடிவு வாங்கப் போனபோது கவுண்டரில் இருந்தவன் கணினியைப் பார்த்து "அன்ஃபிட்" என்றான். டாக்டர் சொன்ன அந்தத் தடம்தான் சிக்கியிருந்தது. கிருமி இல்லை என்ற டாக்டர் சான்றிதழை நீட்டினேன். தொடக்கூட இல்லை. என் ஆங்கிலம் அவனுக்கு எட்டவில்லை, அவனுடைய அரபி எனக்கு எட்டவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவர்களுடைய மொட்டைமாடி வெயிலில் வருடக்கணக்காக வெந்த உடம்பு இது.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் இருப்பது நினைவுக்கு வந்தது. நெஞ்சைத் தொட்டு "ஷிஃபா, ஷிஃபா" என்றேன். எனக்குக் குணமாகிவிட்டது என்று சொன்னதாக நினைப்பு. ஒரு நோயாளி குணம் கேட்டு மன்றாடுவதாக அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். முகம் இளகிவிட்டது. இரண்டு கைகளையும் ஏந்தினான்.

"அல்லாஹ் யஷ்ஃபீக்."

அல்லாஹ் உனக்குக் குணமளிக்கட்டும். பொய்யில்லாத இரக்கம் அது. நமக்காக இறைவனிடம் துஆ கேட்டவனை அப்படியே விட்டு நகர்வது எங்களுக்குப் பழக்கமில்லை. மேலப்பாளையத்தில் சுகமான உடம்பு இங்கே சீக்காளியாக நின்று, அந்த நோய் தீர வேண்டும் என்று ஆமீன் சொன்னது.