ஜீப்பைப் பிடித்த சணல்

போன வாரம் மைத்துனரின் பழைய ஜீப்பை விருதுநகரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோயிருந்தோம். நாற்பதைத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறுகிறது. குளிர்காய்ச்சல் வந்தவன் கையைப் பிடித்ததுபோல இருக்கிறது. மெக்கானிக் அடியில் படுத்து, முன்சக்கரங்களை இணைக்கிற டை ராடின் முனையைக் கழற்றச் சுத்தியலால் நங்கென்று ஓர் அடி போட்டார். நான் இரண்டு எட்டு பின்னால் துள்ளிவிட்டேன். மைத்துனர் சிரித்தார். மெக்கானிக் தலையை வெளியே நீட்டி, "என்ன சார், மேல பட்டுருச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இரும்பில் இரும்பு மோதினால் இன்றைக்கும் என் கால் தானாகப் பின்னால் போகும். ஐந்து வருஷம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?

அந்த ஆலை சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், தார்ரோட்டிலிருந்து விலகி, கரிசல் காட்டுக்குள் இருந்தது. கரிசலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோடையில் பாதம் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் செருப்பு ஓரிடத்தில் நிற்கும், நாம் மட்டும் போய்க்கொண்டிருப்போம். லாரி உள்ளே வராது. அதற்காகத்தான் முதலாளி நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு ஜீப்பை எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார். முன்னால் இடதுபக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்துபோய், யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்பதுபோல வண்டி எப்போதும் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். ஸ்டீயரிங்கை ஒரு கால் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போய்ச் சேரும்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ. சூப்பர்வைசர் என்ற பெயர் வேறு. கேட்கவா வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்கு அடியில் புகுந்தேன். டை ராடு முனையில் ஒரு தண்டு இருக்கும். அது சக்கரத்துப் பக்கமுள்ள இரும்புக் கையின் துளையில் ஏறி நிற்கும்; மேலே ஒரு நட்டு. நட்டு கழலாமலிருக்க அதில் குறுக்கே ஒரு பின் மாட்டியிருக்க வேண்டும். அந்தப் பின்னைக் காணவில்லை. புதுசு வாங்க யார் சாத்தூர் போவது என்று, அட்டைப்பெட்டி கட்டுகிற கம்பியில் ஒரு துண்டை நறுக்கிச் செருகி முறுக்கிவிட்டேன். நட்டை இறுக்கியதில் உதறலும் கொஞ்சம் குறைந்தது. ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

இங்கே வேலம்மா அக்காவைச் சொல்லியாக வேண்டும். ஐம்பது வயதிருக்கும். வாசல் காவல் அவரிடம்தான். தீப்பெட்டி, பீடி, சாவிக்கொத்து எதுவும் அவரைத் தாண்டி உள்ளே போகாது. முதல் நாள் நான் பளபளவென்று பாலியெஸ்டர் சட்டை போட்டுப் போனேன். அதில் பொறி பிறக்கும் என்று கழற்றச் சொல்லிவிட்டார். நான் சூப்பர்வைசர் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டு கையை நீட்டியபடியே நின்றார். அன்று முழுவதும் அவருடைய பருத்தித் துண்டைப் போர்த்திக்கொண்டு மேற்பார்வை செய்தேன். வாசலுக்கு வருவதற்கு முன் இருபது வருஷம் பெரிய வெடிகளுக்குச் சணல் சுற்றியவர் அவர். கண்பார்வை மங்கியதால் இந்த வேலைக்கு மாற்றியிருந்தார்கள்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு மதியம், மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மேடையில் மருந்து அடைத்த சரக்கு காய்ந்துகொண்டிருந்தது. மின்னல் வருவதற்குள் அதைக் கிட்டங்கிக்குள் கொண்டுபோய்ப் பூட்ட வேண்டும். கைவண்டியில் என்றால் நாலு நடை. ஜீப்பில் என்றால் ஒரே நடை என்று என் டிப்ளமோ மூளை கணக்குப் போட்டது. மஞ்சள் பலகையைத் தாண்டி எந்த வண்டியும் உள்ளே போகக்கூடாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேலம்மா அக்கா வாசலை விட்டுப் பின்கட்டுக்குப் போன நேரம் பார்த்து நான் தாண்டினேன்.

இரண்டு பக்கமும் ஆளுயர மண்மேடு; நடுவே ஒற்றைப் பாதை. குறுக்கே ஓடிய சின்ன வாய்க்காலில் முன்சக்கரம் தொப்பென்று இறங்கியது. என் கம்பி தெறித்தது. நட்டு சேற்றுக்குள் போனது. டை ராடு கழன்று தொங்கியது. ஜீப் வழுக்கிக்கொண்டு போய் மூக்கு ஒரு மேட்டிலும் வால் மறுமேட்டிலுமாக முட்டி நின்றது. ஒரு சக்கரம் சாத்தூரைப் பார்த்தது, மற்றது சிவகாசியைப் பார்த்தது. உள்ளே நாற்பது பேர், பெரும்பாலும் பெண்கள். வெளியே வர இருந்த ஒரே வழியைப் பாட்டிலுக்கு மூடி போட்டதுபோல அடைத்துவிட்டேன். சரக்கு காய்ந்த மேடை ஜீப்பிலிருந்து பத்தடி தூரம்கூட இல்லை.

தூரத்தில் இடி உருண்டது. வேலம்மா அக்கா ஓடி வந்தார். திறந்த ஜீப் என்பதால், பெண்களை ஒரு பக்கம் ஏற்றி, சீட்டின் மேல் நடக்கவிட்டு, மறுபக்கம் இறக்கினார். ஒவ்வொருத்தராகத்தான் வர முடிந்தது. எப்படியாவது வண்டியை நகர்த்திவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில், நான் சீட்டுக்கு அடியிலிருந்த இரும்புச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்தேன். தண்டைத் துளைக்குள் அடித்து ஏற்றிவிடலாம் என்று எண்ணம். ஓங்கிய கையை ஒரு கை பிடித்தது.

"குடு."

அவ்வளவுதான் சொன்னார். கொடுத்தேன். அந்த ஒரு அடியை நான் அடித்திருந்தால் என்று நினைத்து எத்தனையோ முறை தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசிப் பெண்ணும் இறங்கி வாசலுக்குப் போன பிறகு, அக்கா வாய்க்காலில் உட்கார்ந்து பம்பருக்கு அடியில் தலையை நீட்டினார். "இது எங்கன சேரணும்? காமிங்க" என்றார். காட்டினேன். நானும் தங்கிநின்ற ஆண்கள் இரண்டு பேரும் சக்கரங்களை நேராகத் திருப்பிப் பிடித்தோம். அவர் வெடிக்கு மருந்து இடிக்கிற மரக் கொட்டாப்புளியால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். தண்டு துளைக்குள் ஏறியது. நட்டு இல்லாமல் அது நிற்காதே என்றேன். இடுப்பிலிருந்து ஒரு சணல் உருண்டையை எடுத்தார்.

ஒரு நுனியைக் கால்விரல் இடுக்கில் கொடுத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். மேலே, கீழே, குறுக்கே, மறுபடி மேலே. கண் சரியாகத் தெரியாதவர், பார்க்கவும் இல்லை. முகம் எங்கோ வானத்தில் மேகத்தை அளந்துகொண்டிருந்தது, கைகள் மட்டும் வேலை செய்தன. ஒரு சுற்றின் பக்கத்தில் அடுத்த சுற்று, நடுவில் நூலிடை இல்லாமல். இழுப்பில் சணல் கிறீச்சிட்டது. நான் பயத்தையும் மறந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இப்படியும் மனிதக் கைகள் இருக்குமா என்று அன்றைக்கு அடைந்த வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

இஞ்சினைத் தொடவே விடவில்லை. எட்டு ஆண்கள் திரும்பி வந்து தள்ளினார்கள். நான் வெளியே நடந்தபடி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். இரும்பு செய்ய வேண்டிய வேலையைச் சணல் செய்தது. இரண்டு சக்கரமும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு மஞ்சள் பலகைக்கு வெளியே வந்தன. கைவண்டி நாலு நடை போனது. கிட்டங்கிக் கதவைச் சாத்தும்போது பெரிய பெரிய துளியாக மழை விழுந்தது. இருக்கன்குடிப் பக்கம் ஒரு மின்னல் இறங்கியது. இங்கே எதுவும் நடக்கவில்லை.

முதலாளியிடம் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கெஞ்சினேன். ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே, "நாப்பது பேரும் வீட்டுக்குப் போயிட்டாக தம்பி. அதுக்கு மேல ஒங்களுக்கு என்ன வேணும்?" என்றார். மறுநாள் முதல் வேலையாக முதலாளியிடம் சொல்லிவிட்டார். என்னை லேபிள் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எவ்வளவு பெரிய மனுஷன் பாருங்கள்.

சாத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் அந்தக் கட்டை அவிழ்க்கப் பார்த்தார். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் கத்தியால் அறுத்தார். கட்டின ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். வாசலில் ஒரு பெண்ணின் சோற்று வாளியைத் திறந்து சோதித்துக்கொண்டிருந்த அக்காவைக் காட்டினேன். அவர் நம்பவில்லை.

ஆலை இப்போது இல்லை. வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிறது. ஜீப்பைக் காரியாபட்டிக்காரர் ஒருவர் பழைய இரும்புக்கு எடுத்துப்போனதாகக் கேள்வி. அந்த நாற்பது பேரில் சிலரைச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பதுண்டு. சௌக்கியமா இருக்கீகளா என்று அவர்கள் கேட்கும்போது சௌக்கியம் என்று சொல்லிவிட்டு, வராத பஸ்ஸை எட்டிப் பார்ப்பேன். நான் ஓங்கிய சுத்தியல் அவர்களுக்குத் தெரியாது. அக்கா அதை மட்டும் யாரிடமும், முதலாளியிடமும்கூட, சொல்லவில்லை.

போன தை மாதம் வேலம்மா அக்கா இறந்துபோனார். போயிருந்தேன். கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஒரு தழும்பு இல்லை. கைகளை நெஞ்சில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பத்து விரலும் முழுசாக இருந்தன. எங்கள் பக்கத்தில் அதன் அருமை எல்லோருக்கும் தெரியும். நாற்பது பேரில் பாதிக்கு மேல் இன்று இல்லை. ஒருவர் சர்க்கரையில், ஒருவர் நெஞ்சுவலியில், மற்றவர்கள் மூப்பில். அத்தனை பேரும் வீட்டில், சொந்தக் கட்டிலில்தான் போனார்கள்.