ஆன் ஆகாத கம்ப்யூட்டரும் ஒன்றுமே பண்ணாத வீட்டாரும்

வீட்டுக் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பது, ‘நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க’ என்கிறவர்கள் என்ன பண்ணித் தொலைத்தார்கள் என்று கண்டுபிடிக்கிற தொழில். அரியமங்கலத்தில் வீட்டு முன்னறைதான் என் கடை. போன் வந்தால் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பிவிடுவேன். ஒரு பெண் இந்த வேலைக்கு வந்து நிற்பதால் சில வீடுகளில் கூடுதல் உபசாரம் உண்டு, அதையும் சொல்கிறேன். டிவியோ ஃபிரிட்ஜோ மிக்ஸியோ, எதையாவது கழற்றிப் பிழைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் பல்லைக் கடிக்கிற என் இனத்தவரே, படித்து ஆறுதல் அடையுங்கள்.

உபரிச் சாமான்

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றுகிறது, பீப் பீப் என்று கத்துகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. “நான் அதைத் தொடவே இல்லைம்மா. பெருமாளைச் சேவிச்சுட்டு வந்து போட்டேன், வரலை” என்றார். பெருமாளைச் சாட்சிக்கு இழுத்தபோதே எனக்குச் சந்தேகம்.

பெட்டியைத் திறந்தேன். பொட்டுத் தூசி இல்லை. தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. ரேம் இருக்க வேண்டிய இடமும் அதே சுத்தத்தோடு காலியாக இருந்தது. “சார், இங்க பச்சையா, குட்டி ஸ்கேல் மாதிரி ஒரு பட்டை இருக்கணுமே? அது இல்லாம கம்ப்யூட்டர் எழுந்திருக்காது” என்றேன். அவர் நிதானமாக மேஜை டிராயரைத் திறந்து, கவரில் போட்டு வைத்திருந்த பட்டையை எடுத்து நீட்டினார். தொடவே தொடாத பெட்டியை முந்தின நாள் கழற்றித் துடைத்திருக்கிறார். முகத்தில் கொஞ்சமும் வெட்கம் இல்லை.

“அது இல்லாமலே மூடி கச்சிதமா மூடிண்டுது. அதான் உபரின்னு எடுத்து வெச்சுட்டேன்.”

வீடியோ கால் மச்சான்

மன்னார்புரத்தில் ஒரு ஃபிளாட். கதவைத் திறந்த அருள்ராஜ் என் பையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் மாடிப்படியைப் பார்த்தார். “மெக்கானிக் வரலையாம்மா?” என்றார். வந்தாச்சு சார், உங்க எதிர்லதான் நிக்குது என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வெளிநாட்டில் இருக்கிற மனைவியின் அண்ணனை வீடியோ காலில் கூப்பிட்டு, நான் செய்வதையெல்லாம் என் தோளுக்கு மேலே போனைப் பிடித்துக் காட்டினார்.

மச்சான் எடுத்த எடுப்பில் “மதர்போர்டு போச்சு” என்றார். அப்புறம் “ப்ராசஸராத்தான் இருக்கும்” என்றார். அப்புறம் “எதுக்கும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க” என்றார். விண்டோஸைக் காணோம் என்று திரையிலேயே எழுதியிருந்ததை இரண்டு பேரும் படிக்கவில்லை. நான் குனிந்து பின்பக்கம் பார்த்தேன். யாரோ செருகிவிட்டு மறந்த பென்டிரைவ். கம்ப்யூட்டர் விண்டோஸை அதற்குள் தேடி, கிடைக்காமல் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறது. பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டேன். வந்துவிட்டது. அருள்ராஜ் முகமெல்லாம் பல்லாகப் போனைப் பார்த்துச் சொன்னார்:

“நீங்க சொன்ன மாதிரியே ஆஃப் பண்ணி ஆன் பண்ணோம் மச்சான், சரியாயிடுச்சு!”

பல்லி

ஜீயபுரத்தில் வாழைத்தோப்புக்காரர் வீடு. பவர் சப்ளை எரிந்திருந்தது. கழற்றினால் உள்ளே கருகிப்போன பல்லி. அந்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். வேறு பவர் சப்ளை போட வேண்டுமா, உள்ளே இருக்கிற போட்டோவெல்லாம் பத்திரமா என்று கேட்பார் என்று நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

“தலை எந்தப் பக்கம் இருந்துச்சும்மா, கிழக்கயா தெக்கயா?”

ஃபார்மட்

பாலக்கரை ஷாகிரா வீட்டில் இருந்தபடியே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவர். கணவர் சவூதியில். மறுநாள் ஒரு நிக்காஹ் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும், கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. நான் போனபோது கணவரின் அண்ணன் மகன், குடும்பத்திலேயே கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவன், விண்டோஸ் பென்டிரைவைப் போட்டு, மவுஸில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும் சாச்சி” என்றான்.

ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்று அவன் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். ஷாகிரா எட்டி அவன் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினார். “நான் போட்ட டிசைன் பூரா இதுலதான்டா இருக்கு!” என்றார். அவனோ என்னைப் பார்த்து, “இதெல்லாம் எனக்குத் தெரியும் ஆன்ட்டி” என்றான்.

பெட்டியில் காதை வைத்துப் பார்த்தேன். டிக், டிக் என்று சத்தம். ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கிறது. அதன் மேல் புதிதாக எதையாவது எழுதினால் அத்தோடு போச்சு. கழற்றி என் லேப்டாப்பில் மாட்டி, ஃபைல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தேன். நடுவில் அப்படியே நின்றுவிட்டது. ஷாகிரா உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நான் டிஸ்கைக் கழற்றி வைத்தேன். ஆறவிட்டு மறுபடி மாட்டியதும் ஓடத் தொடங்கியது. மணமக்கள் பெயரோடு அந்தப் பத்திரிகை திரையில் வந்ததும் “அல்ஹம்துலில்லாஹ்” என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பழைய டிசைன்கள் சில போனது போனதுதான். மற்றதெல்லாம் பிழைத்தது.

கம்ப்யூட்டர் தெரிந்தவன் இவ்வளவையும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். கடைசியில் வாயைத் திறந்தான்:

“இப்பவாச்சும் ஃபார்மட் பண்ணிடலாமா சாச்சி?”

பை நிறைய ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கிறேன், ஆனால் நான் போகிற வீடுகளில் நிஜமாகவே லூசாக இருப்பதை முடுக்குவதற்கு அதில் ஒன்றுகூட உதவுவதில்லை.