டெஸ்ஸாவுக்காகப் பேசிய வெர்னா

பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்ததும் வெர்னா ஹாஸ்கெட் நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறக்கிறார். பால் இருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். அடுத்தது மாடி. பிள்ளை படுக்கும் கட்டிலில் தானே ஒருமுறை உட்கார்ந்து எழுகிறார், போர்வை குளிருக்குத் தாங்குமா என்று கையால் பிடித்துப் பார்க்கிறார். இத்தனைக்கும் அது அவர் வீடு அல்ல.

"என்ன வெர்னா, இன்னைக்காவது என் வீட்ல குத்தம் கெடச்சுதா?" என்று வீட்டுக்காரி டார்லீன் கீழிருந்து கத்துகிறாள்.

"ஆப்பிள் கேக்குல சக்கரை ஜாஸ்தி. மத்தபடி பொழச்சுப் போ!"

பெற்றவர்களிடம் அடிபட்ட, கேட்பாரற்றுக் கிடந்த பிள்ளைகளை நீதிமன்றம் எடுத்து, டார்லீன் போன்றவர்கள் வீட்டில் விட்டுவைக்கும். வழக்கு முடிகிறவரை அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்த்து, எது அதற்கு நல்லது என்று நீதிபதியிடம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இந்தச் சோளக்காட்டு ஊருக்கு அந்த ஆள் வெர்னாதான். சம்பளம் கிடையாது. பார்த்ததை வெளியே மூச்சு விடவும் கூடாது.

காபிக் கடையில் டிராக்டர் மெக்கானிக் பாய்டு விடமாட்டான். "ஊரான் வீட்டுச் சண்டைக்கு ஓசியில போறவ உலகத்துலயே நீ ஒருத்திதான். இந்தத் தடவை யாரு வீடு? சும்மா சொல்லு."

"மழை வருமாம்," என்பார் வெர்னா.

"இந்தக் குளிர்லயா?"

"வந்தா நனைஞ்சுக்கோ."

கடையே சிரிக்கும். வெர்னாவும் சிரித்துவிட்டுத் தனியாகக் காருக்கு நடப்பார். கணவர் போனதிலிருந்து வீட்டிலும் பேச்சுத் துணை இல்லை. அன்றைக்குப் பார்த்த காயமும் கேட்ட அழுகையும் பாத்திரம் கழுவும்போது கூடவே வந்து நிற்கும், அவ்வளவுதான்.

பள்ளிப் பேருந்து ஓட்டி, ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேரை ஏற்றி இறக்கியவர் அவர். இப்போதோ, தொண்டர்கள் தங்கள் காரில் பிள்ளையை ஏற்றக்கூடாதென்று விதி. டார்லீன் வீட்டில் இருக்கும் எட்டு வயது டெஸ்ஸா வெர்னாவின் காரைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

"ஒரே ஒரு ரவுண்டு, மிஸ் வெர்னா. சோளக் கிடங்கு வரைக்கும்."

"கூடாதுன்னுட்டாங்க கண்ணு."

"நிக்கிற கார்ல உக்காந்தா?"

இந்தக் கேள்விக்கு விதியில் பதில் இல்லை. இருவரும் நிற்கிற காரில் உட்கார்ந்து உப்பு பிஸ்கட் தின்றார்கள். "ஒங்களுக்குக் காசே தரமாட்டாங்களா? அப்ப ஏன் வர்றீங்க?" என்று டெஸ்ஸா கேட்டாள். வெர்னா யோசித்து, "நீ இருக்கியே, அதான்" என்றார்.

வழக்கமாக ஒவ்வொரு முறையும் அவர் முதலில் சொல்கிற பேச்சு ஒன்று உண்டு: "என்கிட்ட ரகசியம் தங்காது. ஒனக்கு ஆபத்துன்னா நீதிபதிகிட்ட சொல்லிடுவேன்." அன்றைக்கு அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் அதைச் சொல்ல மறந்தே போனார். டெஸ்ஸா காலாட்டிக்கொண்டே சொன்னாள்: "அம்மாவப் பாக்கப் போறேன்ல, அப்ப ட்ராயும் பின்வாசல் வழியா வர்றான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதாம்." டெஸ்ஸாவின் கையை ஒடித்தவன் இந்த ட்ராய். அம்மாவோடு இருந்தவன். அந்த வீட்டு வாசலை அவன் மிதிக்கக்கூடாதென்பது நீதிமன்ற உத்தரவு. இன்னும் சில வாரங்களில் பிள்ளையை அம்மாவிடமே அனுப்பிவிடலாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்த நேரம் அது.

வெர்னா சொன்னார். சொல்லாமல் எப்படி இருக்க முடியும்? அம்மா ஷெல்பி கோர்ட்டிலேயே மேசைமேல் கவிழ்ந்து அழுதாள். வீடு திரும்புவது அடுத்த இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப்போனது.

"நீ ஃப்ரெண்டுன்னு நெனச்சேன்," என்றாள் டெஸ்ஸா. மரியாதையெல்லாம் போய்விட்டது. "நீ போலீஸ்! இனிமே வராத!"

வந்தார். வராமல் இருக்கவும் விதி இல்லையே. ஃப்ரிட்ஜைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், மூடிய கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். டார்லீனுக்கே பொறுக்கவில்லை. "ரகசியம் தங்காதுங்கற அந்தப் பேச்ச மொதல்ல சொல்லியிருக்கலாம்ல வெர்னா?" என்றாள். "சொல்லியிருந்தா அவ சொல்லியிருக்கமாட்டா," என்றார் வெர்னா. அதுதான் அவரை அரித்தது. மறந்ததால் பிள்ளை தப்பித்தாள், மறந்ததாலேயே ஏமாந்தாள்.

ஷெல்பி ஒருவழியாக ட்ராயை விரட்டினாள், பூட்டையும் மாற்றினாள். டெஸ்ஸா வீடு போவதென்று தீர்ப்பானது. வழக்கு முடிந்தால் தொண்டரின் உறவும் முடிந்தது. பார்க்கவோ கூப்பிடவோ கூடாது. கடைசி நாளில் வெர்னா கதவோடு பேசினார். "போயிட்டு வரேன்னு சொல்ல எனக்கு வழியில்ல. போறேன் கண்ணு."

அதற்கடுத்த வசந்தத்தில் ஒருநாள் மளிகைக் கடையில், இரண்டு தட்டு வரிசைகளுக்கு நடுவே, அம்மாவும் பெண்ணும் எதிரே வந்தார்கள். டெஸ்ஸா வளர்ந்திருந்தாள், கன்னம் உப்பியிருந்தது. வெளியிடத்தில் பார்த்தால் பிள்ளையாக வாய் திறக்காமல் தொண்டர் பேசக்கூடாது, அதுவும் விதிதான். டெஸ்ஸாவின் வாய் திறக்கத்தான் பார்த்தது. அதற்குள் ஷெல்பி வெர்னாவைக் கண்டுவிட்டாள். தள்ளுவண்டியைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. பழைய கோர்ட்டு அறை முழுவதும் அவள் முகத்தில் வந்து நின்றது. பெண் அம்மாவை அண்ணாந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

வெர்னா சட்டென்று தட்டிலிருந்து ஒரு நாய்த்தீனிப் பையை எடுத்து, அதன் பின்பக்கத்தை முகத்துக்கு நேரே பிடித்துப் படிக்கத் தொடங்கினார். அவர் நாய் வளர்த்ததே இல்லை. ஷெல்பி வேகமாகக் கடந்து போனாள். பின்னால் வந்த டெஸ்ஸா நிற்கவில்லை, நிமிரவில்லை. போகிறபோக்கில் ஒரு விரலை நீட்டி, வெர்னாவின் வண்டிக் கம்பியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிக்கொண்டே போனாள்.

வெர்னா பையைத் தாழ்த்தவில்லை. சோளமாவு, கோழிக் கொழுப்பு, உப்பு என்று உதடு அசையப் படித்துக்கொண்டே நின்றார்.