கன்னிமார் திருப்பிவிட்ட காற்று

தை மாதம், காணும் பொங்கலுக்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை. அன்று பகலில் என் தம்பி குமாரை நான் இழந்திருக்க வேண்டும். இன்று அவன் உயிரோடு இருப்பது கன்னிமார் அருள். அது எப்படி வந்தது என்பதை அடியார்களாகிய உங்களிடம் நடந்தபடியே சொல்கிறேன்.

தியாகதுருகத்துக்கு மேற்கே எங்கள் நிலம். நல்ல மழையால் கிணறு நிறைந்திருந்தது. ஆனால் அடியில் மோட்டார் குழாயின் வால்வில் சாக்கு சிக்கிக்கொண்டு, தண்ணீர் ஏறாமல் நட்ட நெல் காய ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினோடு சேர்ந்த கம்ப்ரசரை மேட்டில் ஓடவிட்டு, அதன் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவார்கள். இடுப்பில் கயிறு மட்டும் கட்டமாட்டார்கள். கிணற்றில் கயிறு பிணத்துக்குத்தான் என்று ஒரு பயம்.

அன்று என் மனைவியின் தம்பி செல்வம் சாப்பிட வந்திருந்தான். புதுச்சேரியில் ஸ்கூபா நீச்சல் கற்றுக்கொடுப்பவன். சேலத்தில் வகுப்பு முடித்துத் திரும்பும் வழி. காரில் காற்று நிரம்பிய சிலிண்டர் ஒன்று மிச்சமிருந்தது.

"கயிறு கட்டிக்கினு எறங்கு மச்சான். இல்லன்னா நான் எறங்கறேன்" என்றான், குழாயோடு இறங்க நின்ற குமாரிடம்.

"டூரிஸ்ட்டுக்கு மீன் காட்றவனுக்கு எங்க வூட்டு கிணத்துல இன்னா வேல? பொணத்துக்குக் கட்றத எனக்குக் கட்றியா?" என்று குமார் சிரித்தான்.

மேட்டில் ஏழு கற்களாக நிற்கும் கன்னிமாருக்குக் கற்பூரம் காட்டிவிட்டு இறங்கிவிட்டான். செல்வம் சிலிண்டரை முதுகில் மாட்டி, தன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிணற்றோரம் உட்கார்ந்தான்.

நான் கற்களுக்கு முன் கண்ணை மூடினேன். "அவனத் திருப்பிக் குடுங்க தாயே." வேறு வார்த்தை வரவில்லை.

அப்போது முகத்தில் புகை அடித்தது. கண் எரிந்து திறந்தேன். கல்வராயன் மலைப் பக்கமிருந்து காற்று திரும்பியிருந்தது. எஞ்சினின் புகைக் குழாய், கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாயைப் பார்த்தே இருந்தது. இவ்வளவு நேரமும் தம்பி சுவாசித்தது அந்தப் புகையை.

கத்தினேன். இழுக்கக் கயிறில்லை. நான் குதிக்கப் போனேன். செல்வம் தடுத்தான்.

"நீங்க வுழுந்தா ரெண்டு பேரத் தூக்கணும் மாமா. இதப் புடிங்க." தன் இடுப்பில் கட்டிய கயிற்றின் முனையை என் கையில் திணித்துத் தண்ணீருக்குள் இறங்கினான்.

அந்தக் கயிறு அசையும்வரை நான் உயிரோடு இருந்தேனா என்று தெரியாது.

அசைந்தது. மெதுவாக மேலே வந்தார்கள். அடியில் மோட்டார் குழாயைப் பிடித்தபடி மயங்கிக்கொண்டிருந்த குமாரின் வாயில் செல்வம் தன் இரண்டாவது சுவாசக் குழாயை வைத்திருந்தான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுத்தார்கள். குமார் பிழைத்தான்.

எங்கள் கிணற்றில் இனி கம்ப்ரசர் ஓடாது. உதவி தேவைப்பட்டால் பயிற்சி பெற்றவரைத்தான் இறக்குகிறோம். இடுப்பில் கயிறு. மேலே கருவியோடு இன்னொருவர் தயார். யாரும் பின்னால் குதிப்பதில்லை.

கயிறு ஆகாது என்று போன மாதம் பக்கத்து நிலத்துக்காரர் முகம் சுளித்தார். குமார் சொன்னான்: "பொணத்துக்கு இன்னாங்க அவசரம்? உசுரு இருக்கசொல்லதான் கயிறு வோணும்."

இப்போது கற்பூரத் தட்டோடு கயிற்றையும் கன்னிமார் முன் வைத்து மஞ்சள் தடவுகிறோம். நீங்களும் அவர்களை நம்புங்கள். கேட்டால் காற்றையும் திருப்புவார்கள். ஆனால் கயிற்றை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். நான் இப்போது கண்ணைத் திறந்துகொண்டே வேண்டுகிறேன்.