நூறு புள்ளி நான்கில் கழுவிய சுருள்

என் மகளுக்குக் காது குத்தியபோது ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். "தம்பி வாங்கிக் குடுத்த கேமரா சும்மாத்தான கெடக்கு, நானே எடுத்துடறேன் அத்தை" என்று மாமியாரிடம் சொன்னேன். எப்போதும் பத்து முறை யோசித்துப் பேசுகிற நான் அன்று யோசிக்காமல் பேசிவிட்டேன்.

சிதம்பரத்தில் என் அம்மா வீட்டில் விசேஷம். தாய்மாமன் மடியில் குழந்தை. முப்பத்தாறு படமும் எடுத்தேன். மூன்றாம் நாள் தம்பி சிங்கப்பூர் திரும்பிவிட்டான். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான்.

கடலூருக்கு வந்ததும், முதுநகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டுடியோவில் சுருளைக் கொடுத்தேன். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஸ்லைடு ரோலு அக்கா. நம்ம மிஷின்ல போட்டா கலரே மாறிப் பூடும். மெட்ராஸ்லயே இப்ப யாரும் ஜாஸ்தி கழுவறதில்லங்கறாங்க."

தம்பி மலிவாகக் கிடைத்ததென்று கேமராவோடு சேர்த்து வாங்கியிருந்தான். நான் அட்டையில் எழுதியிருந்ததைப் படிக்காமல் போட்டிருந்தேன். வேதியியலில் எம்.எஸ்சி. வாங்கியவள் அட்டையைப் படிக்கவில்லை! ஸ்லைடில் நெகட்டிவ் என்று தனியாக எதுவும் கிடையாது. கழுவி வருகிற அந்தச் சுருள்தான் படம். கெட்டால் கெட்டதுதான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் காதுகுத்துப் படம் கேட்டார்கள். "எங்க வூட்டு போட்டோகிராபரயே கேளுங்க" என்று அத்தை என் பக்கம் கையைக் காட்டுவார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

தம்பியிடம் போனில் அழுதேன். அவன் சிரித்தான். "கெமிஸ்ட்ரி படிச்சவ நீதானக்கா? நீயே கழுவு." விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அடுத்த மாதம், லீவில் ஊருக்கு வந்த அவன் நண்பர் ஒரு பார்சல் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீரில் கலக்க வேண்டிய பொடிகள், வெளிச்சம் புகாத கறுப்பு டப்பா ஒன்று, அதற்குள் ஃபிலிமைச் சுற்ற ஒரு பிளாஸ்டிக் ரீல்.

பார்சல் ஐந்து வாரம் பரண்மேல் கிடந்தது. செய்முறைத் தாளை மட்டும் எடுத்து எடுத்துப் படிப்பேன். முதல் மருந்து முப்பத்தெட்டு டிகிரியில் இருக்க வேண்டும், அரை டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் படம் மாறிவிடும் என்று போட்டிருந்தது. என்னிடம் இருந்தது குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற பாதரசத் தெர்மாமீட்டர்தான். கணக்குப் போட்டேன். முப்பத்தெட்டு செல்சியஸ் என்றால் அதன் ஃபாரன்ஹீட் கோட்டில் நூறு புள்ளி நான்கு. மகள் பிறந்ததிலிருந்து நான் நடுங்கிய எண் அது. அந்தக் கோட்டைத் தாண்டினால் டாக்டரிடம் ஓடுவோம். இப்போது அதே எண்ணை நானே வரவழைக்க வேண்டும்.

கத்திரி வெயிலில் ஒரு வழி தெரிந்தது. காலை பதினொரு மணிக்கு மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் கொதிக்கக் கொதிக்க வரும். அதைப் பக்கெட்டில் பிடித்து, பானைத் தண்ணீர் கலந்து பதப்படுத்தி, பொடிகளைக் கரைத்த மருந்து பாட்டில்களை அதற்குள் நிறுத்தினால் போதும். அடுப்பே வேண்டாம். என் வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்குக் கிளம்பியதும், "குழந்தைய ஒரு மணி நேரம் பாத்துக்குங்க அத்தை" என்று கேட்டேன்.

முதலில் சாமான் அறையின் கதவிடுக்கெல்லாம் பழைய புடவைகளை அடைத்து, கும்மிருட்டில் ஃபிலிமை ரீலில் சுற்றத் தொடங்கினேன். பாதியில் வேர்வை ஈரம் பட்டு அது நகர மறுத்தது. அந்த நேரம் பார்த்து வெளியே மகள் வீறிட்டாள். என் கை தானாகத் தாழ்ப்பாளைத் தேடியது.

"தெறக்காத! தெறக்காத!" கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை. "அதுக்கு ஒண்ணும் இல்ல, உன்னக் காணோம்னு ஊரக் கூட்டுது. நீ உன் வேலயப் பாரு."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சுற்றி முடித்தேன். ஒழுங்காகச் சுற்றினேனா, ஒன்றோடொன்று ஒட்டிவிட்டதா, இருட்டில் எப்படித் தெரியும்? டப்பாவை மூடி வெளியே வந்தேன். குழந்தை அத்தை இடுப்பில் இருந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

பக்கெட் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்தேன். நூற்று மூன்று. ஒரு செம்பு பானைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நூற்று மூன்று. இன்னொரு செம்பு. அதே நூற்று மூன்று. இன்னும் இரண்டு செம்பு ஊற்றினேன். பாதரசம் அசையவில்லை. அத்தை குழந்தையோடு குனிந்து, குளிப்பாட்டுமுன் பார்ப்பதுபோல முழங்கையைத் தண்ணீரில் வைத்தார்.

"என்னாம்மா இது, இவ்ளோ ஆறிப் போச்சு? புள்ளைக்கு ஊத்தற சூடுகூட இல்லியே."

அப்போதுதான் உறைத்தது. காய்ச்சல் தெர்மாமீட்டரில் ஏறிய பாதரசம் தானாக இறங்காது, உதறினால்தான் இறங்கும். ராத்திரி ராத்திரியாக நூறு முறை உதறியவள் நான். அன்று ஒரு முறைகூட உதறவில்லை. உதறி வைத்தேன். தொண்ணூற்றாறு. அந்தச் சூட்டில் மருந்தை ஊற்றியிருந்தால் முப்பத்தாறு படமும் இருட்டாகப் போயிருக்கும்.

மறுபடி குழாயைத் திறந்தேன். உதறி, வைத்து, உதறி, வைத்து, நூறு புள்ளி நான்குக்கு வந்தேன். பாட்டில்களும் அந்தச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, தலைக்குச் சாயம் பூசுகிற கையுறையை மாட்டிக்கொண்டு முதல் மருந்தை ஊற்றினேன். ஆறரை நிமிஷம், அரை நிமிஷத்துக்கு ஒரு முறை டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு அலசல். பிறகு நிறம் தருகிற மருந்து, மறுபடி அலசல், கடைசியாக மூக்கைத் துளைக்கிற இன்னொன்று. கல்லூரி ஆய்வகத்தை விட்டு நான்கு வருஷம் ஆகியிருந்தது. கைகள் எதையும் மறந்திருக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

டப்பாவைத் திறந்து ஃபிலிமை உருவினால், பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தது. போச்சு என்று நினைத்தேன். குளியலறைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டப் போனேன். ஊட்டும்போதே பதில்களைத் தயார் செய்தேன். மெட்ராசுக்கு அனுப்பியிருக்கலாம்தான், நான் அவசரப்பட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தபோது ஃபிலிம் காய்ந்து மங்கல் போயிருந்தது. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். கட்டைவிரல் அகலக் கட்டத்துக்குள் மஞ்சள், மஞ்சளாகவே இருந்தது, என் மகளின் பட்டுப்பாவாடை பச்சையாகவே இருந்தது. காதில் கம்பி இறங்குகிற படத்தில் குழந்தை ஆசாரியின் மீசையை வேடிக்கை பார்க்கிறாள். கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவன் என் தம்பி. ஏதோ அவன் காதில் குத்துகிற மாதிரி.

"அத்தை!" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை பயந்துவிட்டது.

அத்தை ஒவ்வொரு கட்டமாக வெளிச்சத்தில் பார்த்தார். தம்பி படத்தில் நின்று, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு வாசலுக்குப் போய் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். "வந்து பாரு, எங்க வூட்டுலயே கழுவுனது. எங்க மருமவ கழுவுனா."

அந்த அக்கா ஆவலாகக் கை நீட்டினார். "நடுவுல தொடாத, ஓரத்தப் புடி! விரல் பட்டா போச்சு!" என்று அத்தை அதட்டினார். நான் ஒரு தடவைதான் அவரிடம் அப்படிச் சொல்லியிருந்தேன்.

சுருளின் நடுவில் நான்கு படங்கள் ஒட்டிப்போய்ச் சாம்பல் திட்டாகிவிட்டிருந்தன. இருட்டில் நான் பயந்தது சரிதான். அந்த அக்கா, "எல்லாமே நல்லா வந்துருக்கேம்மா" என்றார். இல்லைக்கா, நாலு வீணாப்போச்சு, என் தப்புதான் என்று வாய்வரை வந்தது. எதையும் இப்படிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"ஆமாக்கா" என்றேன்.