மயிலாளின் மணிக்கூலி

மயிலாளுக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். தையல் மெஷின் வரிசைகளுக்கு மேலே ஓடும் பைப்புகள், அவற்றுக்குள் ஓடும் ஒயர்கள், அடிக்கடி புகைந்துபோகும் மோட்டார்கள் எல்லாம் அவள் பொறுப்பு. ஐ.டி.ஐ.யில் அவள் வகுப்பில் இருந்தது இரண்டே பெண்கள். இன்னொருத்தி கல்யாணத்துக்குப் பிறகு தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளுக்குப் போய்விட்டாள். மயிலாள் போகவில்லை. அவள் ஏணியில் ஏறும்போது கீழே நின்று சிரித்த ஆட்களே இப்போது, "அக்கா, என்ற மெசின் ஓடமாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்று தேடிக்கொண்டு வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிவேலைக்குப் போவாள். வீட்டு மாடியிலோ தகரக் கொட்டகையிலோ பத்து மெஷின் போட்டுத் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறைகள் ஊரில் ஏராளம். புதிதாக ஒரு மெஷின் வாங்கினாலும் சுவரில் பைப் அடித்து அதுவரைக்கும் லைன் இழுக்க வேண்டும். புது வீடு என்றால் லைட்டு, ஃபேன் என்று பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று பேசிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் பட்டறையில் அது ஒத்துவராது. மெஷினை நகர்த்தி, பழைய பைப்பைக் கழற்றி, எவனோ இழுத்துவிட்ட ஒயர் எங்கே போகிறது என்று தேடியெடுப்பதற்குள் பாதி நாள் போய்விடும். அதனால் அங்கே மணிக்கணக்குத்தான் பேச்சு. மயிலாள் மணிக்கு நூறு ரூபாய் வாங்கினாள். ஞாயிறு ஒன்றுகூட அவளுக்குச் சும்மா போனதில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இசக்கிமுத்து அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மண்ணரையில் குடியிருந்து எலெக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன். அவனுக்கு இந்த வெளிவேலைதான் முழுச் சோறு. உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"எக்கா, நீங்க நூறு ரூவாய்க்கு வேல செய்யுதியளாமே? நாங்க எல்லாரும் எரநூறு வாங்குதோம். மூணு கம்பெனில எனக்கு வேல போச்சு. 'அந்தக்கா நூறுக்கு வாரா, நீ என்ன எரநூறு கேக்க'ன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கான்."

"வேலை நல்லா இருக்குதுன்னு என்னயக் கூப்புடறாங்க தம்பி" என்றாள் மயிலாள்.

"வேல நல்லாத்தான் இருக்கு. நான் பாத்திருக்கேன். அம்புட்டு நல்ல வேலய எதுக்குக்கா பாதி வெலைக்குக் குடுக்கிய? எங்க வயித்துலயும் அடிக்கிய, உங்க வயித்துலயும் அடிச்சுக்கிடுதிய."

தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி அவன் குரல் உயர்ந்தது. மயிலாளுக்குக் கோபம் வந்தது. "என்ற கூலி என்ற இஷ்டம். நீ போ தம்பி" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

சாத்திய பிறகுதான் அவன் கேட்ட கேள்வி உறுத்தத் தொடங்கியது. நூறு என்று முதன்முதலில் யார் சொன்னது? அவளேதான். சசிகுமார் என்பவர் மண்ணரையில் புதிதாகப் பட்டறை போட்டபோது எவ்வளவு என்று கேட்டார். எரநூறு என்று சொன்னால், ஒரு பொம்பளைக்கா என்று சிரித்துவிடுவாரோ என்ற பயத்தில் நூறு என்று சொல்லிவிட்டாள். அவர் குறைப்பதற்கு முன்னால் தன்னைத் தானே குறைத்துக்கொண்டாள்.

மறுவாரம் முழுக்க, கம்பெனியில் ஏணிமேல் நிற்கும்போதெல்லாம் இதே யோசனை. கம்பெனியில் டிரில்லிங் மெஷின் கம்பெனியுடையது. கையில் அடிபட்டால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் ஷிப்ட் சம்பளம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை டிரில்லிங் மெஷின் அவளுடையது, வண்டி அவளுடையது, பெட்ரோல் அவளுடையது, விழுந்தால் உடையும் காலும் அவளுடையது. ஓய்வெடுக்க வேண்டிய நாளும் அவளுடையதுதான். அப்படியிருக்க, இந்தச் செலவெல்லாம் போகப் பார்த்தால், வார நாளின் ஒரு மணி நேரத்தைவிட ஞாயிற்றுக்கிழமையின் ஒரு மணி நேரம் எப்படி மலிவாகப் போனது?

அடுத்த முறை சசிகுமார் போன் செய்தபோது சொல்லிவிட்டாள்.

"இனிமே மணிக்கு எரநூறுங்க."

"என்னக்கா, ஒரேயடியா டபுளாக்கிட்டீங்க? அந்த ரேட்டுக்கு ஆம்பளையே வருவானுங்களே."

"வந்தா வரச் சொல்லுங்க."

"அட, கோவிச்சுக்காதீங்க. நூத்தி முப்பது போட்டுக்கலாம்."

"எரநூறுங்க. ஆம்பள ஏர்ற அதே ஏணிலதான் நானும் ஏர்றேன். ஆகாதுன்னா வெச்சுருங்க."

சசிகுமார் வைத்துவிட்டார்.

அந்த ஞாயிறு வேலை இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. வழக்கமாகக் கூப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராக ரேட்டைக் கேட்டுவிட்டு, பிறகு சொல்கிறேன் என்றார்கள். இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் போனது. டெம்போ ஓட்டும் அவள் கணவன் கிட்டுசாமி பொறுமையானவன்தான். அவனுக்கே பொறுக்கவில்லை.

"நூத்தம்பதுக்காச்சும் போலாமில்ல? சும்மா உக்காந்திருக்கறதுக்கு அது எவ்வளவோ மேலு."

"ஏனுங், உங்க டெம்போ வாடகையக் கொறைச்சு ஓட்டுங்கன்னு நான் என்னிக்காச்சும் சொல்லியிருக்கறனா?"

"அது வேறயில்ல."

"என்ன வேற?"

கிட்டுசாமி டெம்போ சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அன்று அவர்கள் மகள் கவிப்பிரியாவுக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன செருப்பைக்கூட மயிலாள் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டது மனதை அறுத்தது. ஆனாலும் போனை எடுத்து யாரையும் அவளாகக் கூப்பிடவில்லை.

குல்சார் பேகம் அவளைத் தேடி வந்தது அப்போதுதான். மண்ணரையில் தன் வீட்டு மாடியில் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின்கள் போட்டு, பெண்களை மட்டும் வைத்துப் பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுப்பவர். இன்னும் நாலு மெஷின் வந்து இறங்கியிருந்தது. பெண்கள் வேலை செய்யும் இடமாயிற்றே என்று பெண் எலெக்ட்ரீஷியனை விசாரித்துக்கொண்டு வந்தவர், ரேட்டைக் கேட்டதும் மயிலாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் பொம்பள, நீயும் பொம்பள. நமக்குள்ள எதுக்கு எரநூறு? பாத்துச் சொல்லு மயிலு."

மயிலாள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ரேட்டையும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஆம்பளைங்க, பொம்பளதானேன்னு கொறைக்கறாங்க. நீங்க, நாமெல்லாம் பொம்பளதானேன்னு கொறைக்கறீங்க. அப்பறம் எனக்கு முழுக்கூலி குடுக்கறது யாருங்கக்கா?"

குல்சார் பேகம் பிடித்திருந்த கையை விட்டார். பிறகு, "சரி. ஆனா டீ குடிக்கிற நேரத்தைக் கணக்குல சேக்கப்படாது" என்றார்.

"சேக்கலீங்க. ஆனா பைப்பு வரலைன்னு நான் காத்திருந்தா அது சேரும். அது உங்க வேலைக்காக உக்காந்திருக்கற நேரம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்றால், சொல்லிவைத்த பைப்பும் கிளாம்ப்பும் கடையிலிருந்து வந்து சேரவில்லை. மயிலாள் சுவரில் கோடு போட்டு முடித்துவிட்டு ஏணியில் உட்கார்ந்தாள். "அக்கா, இப்ப நேரம் ஓடுதுங்க" என்று மட்டும் சொன்னாள். குல்சார் பேகம் போனை எடுத்துக் கடைக்காரரைப் பிடித்த பிடியில், சற்று நேரத்துக்கெல்லாம் ஆட்டோவில் பைப் வந்து இறங்கியது. இத்தனை நாள் வேலைக்கு வந்தவர்கள் சாமானுக்காக எவ்வளவு நேரம் காத்துக்கிடந்தாலும் அந்த அம்மா இப்படிச் சத்தம் போட்டதில்லையே என்று கடைக்காரரே ஆச்சரியப்பட்டாராம்.

பைப் நசுங்காமல் இருக்க உள்ளே ஸ்பிரிங்கை விட்டு, முழங்காலில் வைத்து வளைத்து, மூலைக்கு மூலை பிசிறில்லாமல் அடித்து முடித்தாள். புது மெஷின்கள் ஓடின. காத்திருந்த நேரத்தையும் சேர்த்துச் சொன்னபோது குல்சார் பேகம் முகம் சுளித்தார்; ஆனால் முழுதாகக் கொடுத்தார். அவர் சொல்லி இன்னும் இரண்டு இடத்தில் வேலை வந்தது.

மயிலாள் இருநூறுக்குக் குறைவதில்லை என்ற செய்தி இசக்கிமுத்துவுக்கும் எட்டியது. அவிநாசி போகிற வழியில் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஷெட்டின் நீளத்துக்குப் பைப் ஓட்டும் வேலை அவனுக்குக் கிடைத்தது. ஒற்றை ஆளாக முடியாது. வெட்கத்தோடு போன் செய்தான். "வாரியளாக்கா? ஒரே ரேட்டுதான்" என்றான். மயிலாள் போனாள்.

ஒரு பக்கச் சுவரில் பைப் ஓடி முடிந்திருந்தபோது முதலாளி வந்தார். அண்ணாந்து பார்த்தார். ஏணிமேல் நின்ற மயிலாளைச் சுட்டிக்காட்டி இசக்கிமுத்துவிடம் கேட்டார்.

"உனக்கு எரநூறு பேசினது சரி. அந்தம்மாவுக்கும் எதுக்கு அதே ரேட்டு? ஹெல்ப்பருக்குத் தர்றதைத் தந்தாப் போதாதா?"

இசக்கிமுத்து தலையைச் சொறிந்தான். "அத... அப்புறமாப் பேசிக்கிடுவோம் மொதலாளி" என்றான்.

மயிலாள் இறங்கி வந்தாள். முதலாளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, பாதி வெலைக்கு வேல செய்யறேன்னு என்ற வாசல்ல வந்து அத்தன சத்தம் போட்டியே. இப்ப நானா பாதி கேட்டேன்? அன்னிக்குப் பேசுன வாயி இன்னிக்கு எங்க போச்சு?"

இசக்கிமுத்துவின் முகம் கறுத்துச் சிவந்தது. கையிலிருந்த பிளையரைப் பைக்குள் போட்டான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ரேட்டுதான் மொதலாளி. முடியாதுன்னா ரெண்டு பேருமே கெளம்புதோம்."

"கெளம்புங்க. ஊர்ல ஆளா இல்ல?"

"இத்தன நேரம் செஞ்சதுக்குக் குடுத்துருங்க" என்றாள் மயிலாள். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி."

முதலாளி முறைத்தார். சுவரில் ஓடியிருந்த பைப்பைப் பார்த்தார். அதில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. நோட்டுகளை எண்ணி மேஜைமேல் வீசாத குறையாக வைத்தார். மயிலாள் நிதானமாக எடுத்து, சரிபாதியாகப் பிரித்து இசக்கிமுத்துவிடம் கொடுத்தாள். மிச்ச வேலையை வேறு யாரோ வந்து முடித்தார்கள். அந்தக் கம்பெனி அவர்களை மறுபடியும் கூப்பிடவில்லை.

அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போதும் சில ஞாயிறுகள் வேலை இல்லாமல் போவதுண்டு. அன்றைக்கு மீன் வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு மதியம் காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறாள். பெரிய வேலை வந்தால் அவளும் இசக்கிமுத்துவும் சேர்ந்து போகிறார்கள். ரேட்டை யார் பேசினாலும் ஒரே பேச்சுத்தான்.

இந்தத் தை மாதம் பிறந்த பிறகு இருவரும் கலந்து பேசி மணிக்கு இருநூற்றைம்பது ஆக்கிவிட்டார்கள். குல்சார் பேகத்துக்கு அது தெரிந்தது, மாடியில் லைன் மாற்ற வேண்டுமென்று அவர் போன் செய்தபோதுதான்.

"மறுபடியும் ஏத்திட்டியா மயிலு? இது உனக்கே நல்லா இருக்கா?"

"பனியன் தைக்கற கூலி ஏத்தலைன்னா மெசினை நிறுத்திருவேன்னு போன மாசம் நீங்க கம்பெனிக்காரன்கிட்டச் சண்ட போட்டீங்களே, அது உங்களுக்கு நல்லா இருந்துச்சுங்களா?"

எதிர்முனையில் குல்சார் பேகம் சிரித்துவிட்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுடி" என்றார். "காலைல வந்துரு."