உப்புக்கிழி

என் நண்பனுக்கு ஓர்மை, அதாவது ஞாபகம், கெட்டுப்போகவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், கெட்டுவிட்டது என்று அவனே நம்பும்படி செய்தேன். அந்த நம்பிக்கை அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் உட்கார வைத்ததை ஒரு வருடத்துக்கும் மேலாகப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டும் இருந்தேன். கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அவன் மின்சார ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செங்கல் என்ற ஊரில் எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்குத் தோட்டம் ஒன்றுதான் உண்டு. தனுவச்சபுரத்துக்கு ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்த நாளிலிருந்து எனக்கு அவன் 'எலே', அவனுக்கு நான் 'எலே'. வயதான பிறகு காலையில் ஒரு கூட்டமாக நடப்போம். அந்தக் கூட்டத்தில் யாரோதான், தார் ரோட்டில் நடந்து என்ன பயன், ஒருநாள் மலைக்குப் போகலாம் என்று கிளப்பினார்கள். ஞாயிறு சபைக்குப் போகிறவர்கள், திங்கள் சிவன் கோவிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் இருந்ததால் சனிக்கிழமை என்று முடிவாயிற்று.

அம்பூரி வரை வேனில் போய், படகில் நெய்யாறு அணையின் தண்ணீரைக் கடந்தால் அக்கரையில் மலை. அங்கே காணிக்காரர்கள் என்ற பழங்குடியினரின் குடிகள் இருக்கின்றன. வழிகாட்டியும் காணிக்காரர்தான், நாற்பது வயது இருக்கும். பள்ளத்தாக்குக்கு ஒன்றிரண்டாக வீடுகள். ஒரு சரிவில் ஒரு வீடு, சுற்றிலும் பாக்கு, நல்லமிளகுக் கொடி, மரச்சீனி. அடுத்த வீட்டுக்கு ஓர் ஓடையை இறங்கி ஏற வேண்டும். பாதை பல இடங்களில் முற்றத்தின் வழியாகவே போகும். ஒவ்வொரு முற்றத்தின் ஓரத்திலும் வழிகாட்டி நின்று குரல் கொடுப்பார். உள்ளே இருந்து பதில் வந்த பிறகுதான் நாங்கள் கடப்போம்.

படகிலிருந்து இறங்கியதும் அவர் நடப்பதற்கு ஓர் ஒழுங்கு சொன்னார். யானை உள்ள காடு, அதனால் அவர் முன்னால் நடப்பார், யாரும் அவரை முந்தக் கூடாது. கடைசியில் நடக்கிற ஆள் வால். வால் யாரையும் பின்னால் விடக் கூடாது. ஒருவர் நின்றால் வாலும் நிற்க வேண்டும். முன்னால் இருந்து அவர் "வாலு உண்டோ?" என்று கேட்பார். எல்லோரும் தனக்கு முன்னால் இருந்தால் மட்டும் வால் "உண்டு" என்று சொல்ல வேண்டும். உப்பும் மூக்குப்பொடியும் கலந்து துணியில் கட்டிய ஒரு கிழியும் வாலின் கையில் இருக்கும். அட்டை கடித்தவர் நின்று வாலைக் கூப்பிட்டால், வால் வந்து கிழியை வைத்து அழுத்தும், அட்டை உதிரும்.

"சாரு வாலா வரணும். சாருக்கு அவசரம் இல்லல்லோ," என்று கிழியை என் கையில் கொடுத்தார்.

"இவன் வாலாக்கும்," என்றான் நண்பன். "சின்ன வயசுலேயே தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது பள்ளத்தாக்கில் ஈற்றை என்கிற மெல்லிய மூங்கில் காடு. பாதை ஓராள் அகலம்தான். ஒரு பெரிய பாறையின் அருகில் அது இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பாறைக்கு முன்னால் நண்பன் நின்றான். அவனுக்கு அடிக்கடி மூத்திரம் போக வேண்டும். எங்கள் வயதில் அது புதிதல்ல.

"நில்லுலே, வாறேன்," என்று ஈற்றைக்குள் ஒதுங்கினான்.

நான் நின்றேன். முன்னால் போனவர்களின் பேச்சு குறைந்து, பிறகு கேட்காமல் போனது. அப்போது எனக்கு வலது பக்கம் எங்கேயோ ஒரு கம்பு ஒடிந்தது. பெரிய சத்தம். யானை என்றே நினைத்தேன். என்னவென்று இன்றுவரை தெரியாது. நான் நடக்கத் தொடங்கினேன். ஓடவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓடினேன்.

பின்னால் அவன் குரல் கேட்டது. "எலே, அட்ட கடிச்சிட்டு. உப்பு கொண்டா." தெளிவாகக் கேட்டது. நான் திரும்பவில்லை.

கூட்டத்தைப் பிடித்தபோது முன்னால் இருந்து, "வாலு உண்டோ?" என்று வழிகாட்டி கேட்டார். பயந்து ஓடிவந்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இதோ இப்போது வந்துவிடுவான் என்று நினைத்து, "உண்டு," என்று சொன்னேன்.

அவன் வரவில்லை. மதியம் கஞ்சியும் காந்தாரி மிளகும் மரச்சீனியும் ஒரு வீட்டில் பரிமாறும்போதுதான் ஆள் குறைவது தெரிந்தது. வழிகாட்டி எழுந்து ஓடினார். எங்களை அந்த வீட்டுக்காரர் படகுத்துறைக்குக் கூட்டிவந்தார். அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. வெயில் இறங்கிய பிறகு நண்பனை வேறொரு குடியிலிருந்து கூட்டிவந்தார்கள். பாறையருகே இடது பாதையில் போயிருக்கிறான். ஓடையில் விழுந்து பேன்ட் நனைந்திருந்தது. கணுக்காலில் இரத்தம்.

என்னைக் கண்டதும் எல்லோர் முன்னிலையிலும் கேட்டான்: "நான் விளிச்சேனேலே. உப்புக்கு விளிச்சேன். நீ எங்க போன?"

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் சொன்னது இது: "நீ விளிக்கல்ல. முன்ன போறேன்னு சொல்லிட்டுத்தானே போன. நான் உன் பொறத்தயே வந்தேன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். "அப்பிடியா?" என்றான்.

அவன் என்னை நம்பினான். பள்ளிக்கூடத்திலிருந்து நம்பியவன். எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத் தப்பு என்றால் அது தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டான். அதன் பிறகு கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடினால்கூட, "கண்டியா, மலையில தொடங்கினது," என்பான். எல்லோருக்கும் மறக்கிற பேர்கள் அவனுக்கு மறந்தால் மட்டும் வீட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகன் வளைகுடாவில். மருமகள்தான் வீட்டைப் பார்க்கிறாள், தங்கமான பெண். பயந்துபோய் ஸ்கூட்டர் சாவியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். பாறசாலைச் சந்தைக்கு மீன் வாங்கத் தனியாகப் போவதை நிறுத்தினான். சபையில் வேதபாடம் வாசிக்கிற முறையையும் வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தான். நடுவில் வரி தப்பிவிடுமோ என்று பயம். நான் தினமும் சாயங்காலம் அவனிடம் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். ஆறுதல் சொன்னேன். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் கூசுகிறது.

கடைசியில் மருமகள் திருவனந்தபுரத்தில் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கினாள். நண்பன் என்னையும் கூட வரச் சொன்னான்.

டாக்டர் சின்ன வயது, பொறுமையான பெண். "இது எப்ப தொடங்கிச்சு, அப்பச்சா?" என்று கேட்டார்.

நண்பன் மலைக் கதையைச் சொன்னான். விளிக்காமலே விளித்ததாக நினைத்ததை, முன்னால் போகிறேன் என்று சொன்னது அடியோடு மறந்ததை, ஒன்று விடாமல் சொன்னான். முடித்ததும் என் பக்கம் கை நீட்டினான். "இவன் அங்க நின்னவன். இவன்கிட்ட கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"அவன் விளிச்சான்," என்றேன். "எனக்குக் கேட்டுது. நான் பேடிச்சு ஓடிட்டேன். முன்ன போறேன்னு அவன் சொல்லவே இல்ல. நான் சொன்னது கள்ளம்."

மருமகள் என்னிடம், "சாரே, நான் சாவிய எடுத்து வச்சப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க," என்று மட்டும் கேட்டாள். ஆமாம், இருந்தேன்.

டாக்டர் அவனிடம் எதையெதையோ கேட்டார், படம் வரையச் சொன்னார், சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். வயதுக்கு உள்ள மறதிதான், வேறொன்றும் இல்லை என்றார். திரும்பும்போது மருமகள் கார் ஓட்டினாள். அவன் முன்னால், நான் பின்னால். பாலராமபுரத்து நெரிசலில் வண்டி நின்றது.

"அப்போ நான் விளிச்சேன்," என்றான் திரும்பாமல்.

"விளிச்ச."

"உப்பு கொண்டான்னு."

"ஆமா."

"அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் நின்னு."

"இந்தப் பக்கம்தான்."

அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். "மக்களே, ஓரமா நிறுத்து, ஒரு சாயா குடிக்கணும்," என்றான் மருமகளிடம். கடையில் மூன்று சாயா சொன்னான். பழம்பொரியும் சொன்னான். பாதி தின்ற பிறகுதான் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"பேடிச்சு ஓடினது செரி. நானும் ஓடியிருப்பேன். பொறகு எதுக்குலே கள்ளம் சொன்ன?"

"ஓடினத சொல்ல நாணம்."

"ஒனக்கு நாணம் வராம இருக்க, எனக்கு மூளை போகணும். இல்லியா?"

அவன் சாயாவைக் குடித்து முடித்தான். வண்டியில் ஏறும்போது, "கொஞ்ச நாளைக்கு என் வீட்டுப் பக்கம் வராத," என்றான்.

நான் போகவில்லை. மறுநாளே காலைநடைக் கூட்டத்தில் எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் என்னோடு நடப்பதை நிறுத்தினார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. மரச்சீனித் தோட்டத்துக்கு அப்பால் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்கும். சந்தைக்குப் போகிறான் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்வந்த ஒருவர், இன்றைக்குப் பாடம் வாசித்தது உன் நண்பன்தான், ஒரு வரி தப்பவில்லை என்று சொன்னார். நான் வீட்டுக்குள் போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் படுத்தேன். மலையிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

மழை விட்ட பிறகு ஒரு காலையில் ஹார்ன் சத்தம் என் வாசலிலேயே கேட்டது. அவன்தான்.

"வர்ற சனிக்கிழமை மலைக்குப் போறோம்," என்றான். "கேக்கல்ல, சொல்லுகேன்."

அதே படகு, அதே வழிகாட்டி, காலைநடைக் கூட்டத்து ஆட்களும் சிலர். வழிகாட்டியிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "இப்போ நான் வாலுக்கு ரெண்டு பேரெ வைக்குதேன் சாரே. அன்னைக்குப் பொறகாக்கும்," என்று சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் வாலாக்கினார். கிழியை நண்பன் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பாறையருகே வந்ததும் நின்றான். "நில்லுலே, வாறேன்," என்று ஈற்றைக்குள் போனான்.

நான் நின்றேன். முன்னால் பேச்சு மறைந்தது. அவன் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் கம்பு ஒடிந்தது, அன்றுபோலவே. நான் பாறையைப் பிடித்துக்கொண்டேன். தூரத்திலிருந்து வழிகாட்டி கேட்டார்: "வாலு உண்டோ?"

"இல்ல," என்று கத்தினேன். "ஒராள் வரணும். நில்லுங்க."

ஈற்றை விலகியது. அவன் வந்தான். கையில் இரண்டாக ஒடித்த ஒரு காய்ந்த கம்பு.

"ஓடுகியான்னு பார்த்தேன்," என்றான்.

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் என் கணுக்காலில் ஏதோ ஈரமாக உணர்ந்து குனிந்து பார்த்தேன். அட்டை. நன்றாகக் குடித்துத் தடித்திருந்தது. நான் கிழிக்குக் கை நீட்டினேன்.

அவன் பையைப் பொத்திக்கொண்டு நாலடி முன்னால் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றான். "விளிச்சா தருவேன்."

"எலே," என்று நான் விளித்தேன். "அட்ட கடிச்சிட்டு. உப்பு கொண்டா."

அவன் திரும்பி வந்தான்.